தெருவே நற்சான்று கொடுத்த கார்

வீடு மாற்றியபோது கட்டிய அட்டைப்பெட்டி ஒன்றைப் போன வாரம்தான் பிரித்தேன். உள்ளே, காய்ந்து வெடித்துப்போன கார் பாலீஷ் டப்பா. மூடியைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், மண்ணெண்ணெயில் வாழைப்பழத்தைப் பிசைந்தது போல. உங்களுக்குக் குமட்டலாம். எனக்கு முப்பது வயது திரும்பி வந்தது. கூடவே, காது மடல் சூடாகும் அந்தப் பழைய வெட்கமும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் புதுச்சேரியில் என்னிடம் ஒரு கார் இருந்தது. அதை வெறும் கார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஸ்போர்ட்ஸ் செடான் என்று சொல்ல வேண்டும். யாரோ ஓட்டிக் கழித்ததை வாங்கி, என் சம்பளத்தையெல்லாம் அதன்மேல் கொட்டினேன். ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு தரையாகத் தாழ்த்தினேன். அகலச் சக்கரம், சிவப்புத் தோல் இருக்கை, பின்னால் சோற்றுப்பானை வாய் அகலத்துக்கு ஒரு சைலன்சர். அந்தச் சாமானுக்கு அப்படிப் பெயர் வைத்தவர் என் வண்டியைப் பார்த்திருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மெழுகு போட்டுத் தேய்ப்பேன். சர்வீஸ் தேதி தவறியதில்லை. பல் வைத்தியரிடம் போக வேண்டிய தேதிகள்தான் தவறின. இத்தனைக்கும் ஊருக்குள் சைக்கிள்காரர்கள் என்னை முந்திக்கொண்டு போவார்கள். சென்னைச் சாலையில் ஊர் எல்லைக் காலாப்பட்டை நான் தாண்டியதில்லை. சத்தம் மட்டும் சென்னை வரை போய்த் திரும்பும்.

மகள் பிறந்தாள். “பச்சப்புள்ளய வச்சிக்கினு அதுல நான் ஏற மாட்டேன்” என்று மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்தாள். நான் காலிக் காரில் பின்னால் உறுமிக்கொண்டே வந்தேன், மந்திரிக்குப் பாதுகாப்புப் போவது போல. அன்று சாயங்காலமே விற்பதென்று முடிவாயிற்று. ஆனால் மதிக்கத் தெரிந்தவனுக்குத்தான் கொடுப்பேன் என்று நிபந்தனை போட்டேன். பெண்ணைப் பெற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் மாப்பிள்ளை தேடும் பதற்றம்!

முதலில் அரியாங்குப்பத்திலிருந்து ஒரு சமையல் கான்ட்ராக்டர் வந்தார். நேராக டிக்கியைத் திறந்து, “தயிர் கேன் நாலு நிக்குமா சார்?” என்றார். அனுப்பிவிட்டேன். அடுத்தவர், “பழைய சைலன்சர் இருந்தா மாட்டிக் குடுங்களேன்” என்றார். மணமேடைக்கு முன்னால் பெண்ணின் கூந்தலை வெட்டித் தரச் சொன்ன மாதிரி இருந்தது. அவரையும் அனுப்பினேன்.

மூன்றாவதாக, சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த இளைஞன். காரைக் கண்டதும் அவன் கண்ணில் வந்த வெளிச்சமே எனக்குப் போதும். ஆனால் கூடவே அவன் மாமாவும் வந்திருந்தார். கிராமத்தில் கரும்பு போடுகிறவர். காரை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“வண்டியப் பாருங்க மாமா.”

“வண்டிய என்னாத்தடா பாக்கறது? பொண்ணு எடுக்கறதுன்னா அக்கம்பக்கம் விசாரிக்காமயா எடுக்கறோம்? இரு, நாலு வூட்டுல கேட்டுட்டு வந்துடறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் செருப்பு வாரைச் சரிசெய்கிற பாவனையில் அவர் பின்னாலேயே போனேன்.

முனைக் கடை ரஹீம் பாய் தராசைக் கீழே வைத்துவிட்டார். “வண்டியா? தங்கமுங்க! இன்னிக்கே எடுத்துடுங்க. வேற யாருனா வந்துடப் போறான்.”

அடுத்து எதிர்வீட்டு முசே. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பத்துப் பெரியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். தினமும் மாலையில் வாசலில் நாற்காலி போட்டு, ரேடியோவில் பிரெஞ்சுச் செய்தி கேட்பார்.

“சத்தம் கித்தம் எதுனா உண்டுங்களா?” என்று கேட்டார் மாமா.

“சத்தமா? தம்பி வண்டி வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது. த்ரே போன், ரொம்ப நல்ல வண்டி! எடுத்துக்கினு போங்க.”

இவ்வளவு பிரியமா என் கார்மேல்? இந்தத் தெருவிலிருந்து இதைப் பிரிப்பது பாவமல்லவா? “ஒரு வாரம் யோசிச்சுச் சொல்றேனே” என்றேன், தழுதழுத்த குரலில்.

பாய் கடையிலிருந்து குதித்து வந்தார். “என்னாத்த யோசிக்கிற தம்பி? புள்ளகாரன் ஆயிட்ட! கையக் குடு, முடிச்சிடு!” என்றபடி, கடை எலுமிச்சம்பழங்களை அவரே எடுத்துவந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். காசு வாங்கவில்லை. அதையும் அன்பு என்றே நினைத்தேன்.

பழங்களை நசுக்கிக்கொண்டு கார் முனை திரும்பியது. கண்ணைத் துடைத்தபடி உள்ளே வந்து, “தெருவே தவிக்குது, பாத்தியா?” என்றேன். குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“பாய் கடையில பாட்டிலுக்கெல்லாம் அடியில துணி மடிச்சு வச்சிருக்காரே, எதுக்குன்னு நெனச்சீங்க?”

“அலங்காரத்துக்கு.”

“உங்க வண்டி போறப்ப எல்லாம் கடகடன்னு ஆடுது, அதுக்கு. முனையில நீங்க திரும்பினா முசே ரேடியோவ அணைச்சுடுவாரு. நீங்க வண்டிய நிறுத்தனப்புறம்தான் மறுபடி போடுவாரு. அவருக்கு உலகத்துல பாதி சேதிதான் தெரியும்.”

“ஒருத்தர்கூட ஏன் சொல்லல?”

“பாயோட அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனீங்கல்ல? அப்பறம் எந்த மூஞ்ச வச்சிக்கினு சொல்லுவாங்க?”

போனது உண்மைதான். ஒவ்வொரு வேகத்தடையிலும் காரின் அடிவயிறு தேய்ந்தது. “என்ன எறக்கி வுட்டுடுப்பா, நான் ஆட்டோல போயிக்கிறேன்” என்று அந்த அம்மா பின்னாலிருந்து முனகிக்கொண்டே வந்தார். எனக்குச் சிரமம் கொடுக்க மனமில்லாமல் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் அழுத்தி ஓட்டினேன். செய்த அந்த ஒரே உதவியை வைத்து ஒரு தெருவின் வாயையே அடைத்திருக்கிறேன். கெட்டது செய்து கூசியிருக்கிறேன், சமாளித்துமிருக்கிறேன். நல்லது செய்துவிட்டுக் கூசுவது எப்படி என்று அதுவரை தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்க முசேயிடம் போனேன். “முசே, என் வண்டியால உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு…” என்று ஆரம்பித்தேன்.

அவர் உள்ளங்கையைக் காதோரம் குவித்தார். “என்னா தம்பி? சத்தமாச் சொல்லு. எனக்குக் காது மந்தமாச்சே, உனக்குத் தெரியாதா?”

மூன்றாவது வீட்டில் பால் பொங்கினால் இங்கிருந்து குரல் கொடுக்கிற மனிதர்! வேறு வழியில்லை. தெரு முழுக்கக் கேட்கும்படி அந்த மன்னிப்பைக் கத்தித் தீர்த்தேன். “பா க்ராவ், பா க்ராவ்” என்று தலையாட்டினார். பரவாயில்லையாம்.

சொன்ன பொய்யை அதன்பிறகு அவர் கைவிடவே இல்லை. பாயோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார். என் தலை தெரிந்ததும் கை காதுக்குப் போய்விடும். காலையில் ஒரு ‘போன்ஜூர்’ சொல்வதற்குக்கூட நான் கத்த வேண்டியிருந்தது. கார் போன பிறகும், அந்தத் தெருவில் பெரிய சத்தம் நான்தான்.

முசே போய்ச் சேர்ந்துவிட்டார். பிரான்சிலிருந்த மகன் வீட்டை விற்க, அது மஞ்சள் வண்ணமடித்த விருந்தினர் விடுதியாகிவிட்டது. பாய் கடை இருந்த இடத்தில் காபி விற்கிறார்கள். சனி ஞாயிறுகளில் வெளியூர்க் கார்கள் என் காரை விடப் பலமாக உறுமிக்கொண்டு வருகின்றன. உடனே யாராவது வெளியே வந்து திட்டுகிறார்கள். அதுதான் நியாயமும்கூட.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, நாற்காலி கிடந்த இடத்துக்கு எதிரே கொஞ்சம் நின்றேன். “போன்ஜூர், முசே” என்றேன். முதல் தடவையாக, மெதுவாக. அவர் இருந்திருந்தால் கேட்டிருக்கும். கேட்டதாகக் காட்டிக்கொண்டிருக்க மாட்டார்.