செட்டு அம்சம்

அம்சத்தை ஊரில் செட்டு அம்சம் என்றுதான் சொல்வார்கள். அதே பெயரில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்ததால் அடையாளத்துக்கு வைத்த பெயர். குத்தாலத்துக்குத் தெற்கே ஒரு பண்ணையில் அவளும் புருஷன் மருதையனும் பண்ணையாட்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் பண்ணையார் வயலில் குழாய் இறக்கி மோட்டார் வைத்தார். அதைச் சுற்றி நாலு மண்சுவர் எழுப்பி, மேலே கீற்று வேய்ந்து, காவலுக்கு இவர்களை அதிலேயே இருக்கச் சொன்னார். இரண்டு வருஷத்தில் மோட்டார் வேறு வயலுக்குப் போய்விட்டது. இவர்கள் அங்கேயே இருந்தார்கள். செட்டு என்ற பெயரும் இருந்தது.

அந்தப் பெயர்மேல் எனக்கு இன்றுவரை எரிச்சல் தீரவில்லை. இங்கிலீஷில் செட் வேறு, ஷெட் வேறு. முதலாவது சேர்ந்து வரும் சாமான்; இரண்டாவது மாடோ வண்டியோ நிற்கும் கொட்டகை. நம் வாய்க்கு எல்லாமே செட்டு. பம்பு செட்டு, மைக் செட்டு, மாட்டு செட்டு, கார் செட்டு. பம்பு செட்டு இருந்த கொட்டகையும் செட்டு. கடைசியில் அதில் குடியிருந்த பொம்பளையும் செட்டு!

எழுபத்தொன்றில் சட்டம் வந்தது. பண்ணையாள் குடியிருக்கும் மனை அவனுக்கே சொந்தம், யாரும் கிளப்ப முடியாது என்று. கொடிக்கம்பத்தடியில் பேசினார்கள், ரேடியோவில் சொன்னார்கள். நல்ல சட்டம்தான். அதை ஊருக்குள் கொண்டுபோன லட்சணத்தில்தான் கோளாறு. கொண்டுபோனவர்களில் நானும் ஒருத்தன், தாலுகா ஆபீஸ் கிளார்க்கு.

அம்சத்தின் இடத்தை அளக்க நான்தான் போனேன். சுவரில் அடுப்புக்கரி, உத்தரத்தில் தூளி, வாசலில் சாணம் தெளித்துக் கோலம். மூன்று பிள்ளைகளும் அங்கேயே பிறந்தவை. உட்காரச் சொல்லி ஒரு மரக்கட்டையைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. அப்போது அப்படித்தான் இருந்தேன், மறைக்க என்ன இருக்கிறது? நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன். உள்ளே ஒரு குடும்பம் இருக்கிறது என்று எழுத என் படிவத்தில் இடமில்லை.

விசாரணையன்று மருதையன் காய்ச்சலில் கிடந்தான். அம்சம்தான் வந்தாள். பக்கத்திலேயே பண்ணைக் காரியஸ்தர், கையில் குடையோடு. அதிகாரி வெளியூர்க்காரர், புதுசு.

"எங்கம்மா குடியிருக்கே?"

"செட்டுலதாங்க."

"யார் கட்டினது?"

"ஐயா கட்டுனதுங்க. மோட்டாருக்கு."

காரியஸ்தர் வாயே திறக்கவில்லை. பொய் சொல்ல வந்தவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதிகாரி இங்கிலீஷில் சொன்னார், நான் எழுதினேன்: மோட்டார் ஷெட், குடியிருப்பு அல்ல. என் பேனா கொஞ்சம் தயங்கியது. 'சார், நான் பார்த்தேன், அங்கே குடும்பம் இருக்கிறது' என்று சொல்ல எத்தனை நேரமாகும்? அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். நானும் அடுத்த பெயரை எழுதினேன்.

அந்த ஊரில் குடிசை என்று சொன்ன பதினோரு பேருக்கும் மனை கிடைத்தது. அம்சத்தின் மனு மட்டும் தள்ளுபடி.

உத்தரவு போய் ஒரு வாரம் கழித்து, அந்தத் தாளை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள்.

"ஐயா, புள்ளைங்க அப்பா எங்கிட்ட பேசுறதே இல்ல, நீதான் ஏதோ ஒளறிக் கெடுத்துட்டேங்கிறாரு. நான் என்னங்க தப்பா சொன்னேன்?"

"செட்டுன்னியே, அதான். இங்கிலீஷ்ல அது ஆளு இருக்கற எடமில்லே. மாடு, மிஷின் இருக்கற எடம்."

யோசித்தாள். "அப்ப என்னன்னு சொல்லியிருக்கணும்?"

"வீடுன்னு."

"காரியஸ்தரு பக்கத்துல நிக்கிறப்பவா?" நிஜமாகவே திகைத்துப் போனாள். "பண்ணை ஐயா இருக்குறதுதாங்க வீடு. எங்களுத எப்படிங்க அவங்க எதிர்ல வீடுன்னு சொல்றது? எங்க சனத்துல யாரும் சொல்லமாட்டோம்."

எனக்குச் சுருக்கென்றது. அதிகாரிக்கு இது தெரியாது, மன்னிக்கலாம். நான் இதே மண்ணில் பிறந்தவன், இன்னொரு பண்ணையில் கணக்கு எழுதியவரின் மகன். எனக்கா தெரியாது? வெட்கம் தாங்காமல் அவசர அவசரமாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன்.

"அப்பீல் போட இன்னும் நாள் இருக்கு. நானே எழுதித் தர்றேன். வீடுன்னே எழுதறேன். நீ ரேகை மட்டும் வை."

அவள் கையை நீட்டவில்லை.

"நேத்து காலையில பிரிச்சுட்டாங்க ஐயா. சொவத்த இடிச்சுத் தள்ளி, ஏரும் ஓட்டிட்டாங்க. புள்ளைங்கள வாய்க்கா கரையில குந்த வச்சிட்டு வந்திருக்கேன். இப்பப் போயி வீடுன்னு சொன்னா, எங்க இருக்கு காட்டுன்னு கேப்பாங்கள்ல?"