லயம் முழுக்கச் சீனி

என் ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலில் நீரிழிவும் உறுப்பு மாற்றுச் சிகிச்சையும் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. முதலாவதாக இருந்திருக்க வேண்டிய கட்டுரை மட்டும் அதில் இல்லை. அது தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செத்துப்போனது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு வந்த புது டாக்டர். வாரத்தில் ஒருநாள் அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போவேன். மேற்படிப்புக்கு லண்டன் போகவேண்டும் என்று ஒரே துடிப்பு. கையில் ஒரு கட்டுரையாவது இல்லாவிட்டால் அங்கே யாரும் சீந்தமாட்டார்கள் என்றார்கள். மலை ஏறிக் கொழுந்து பறிக்கிற சனத்துக்குச் சீனி வியாதி வராது என்று எல்லாரும் நம்பிய காலம். அது பிழை என்று காட்ட எனக்குக் கை துறுதுறுத்தது.

காலையில் போத்தலில் சிறுநீர் கொண்டுவரச் சொன்னேன். நீல மருந்தில் சில துளி விட்டுக் கொதிக்க வைத்தால், சீனி இருந்தால் செங்கல் நிறமாகும். இல்லாவிட்டால் நீலமாகவே இருக்கும். வாரக்கணக்கில் நீலத்தையே பார்த்து வெறுத்துப்போனேன். கடைசியில் கொழுந்தெடுக்கிற ஒரு பெரியம்மாவின் போத்தல் சிவந்தது. ஒரு வைத்தியனுக்கு வரக்கூடாத சந்தோஷம் எனக்கு வந்தது. தினமும் டிஸ்பென்சரியில் ஊசி போட ஏற்பாடு செய்தேன். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் சொல்லி அவரை உச்சி மலையிலிருந்து இறக்கி, உட்கார்ந்தபடி தேயிலை பொறுக்குகிற வேலையும் வாங்கிக் கொடுத்தேன்.

அதன் பிறகு அவர் குடியிருந்த லயத்திலிருந்து, அந்த வரிசை வீடுகளிலிருந்து, வந்த போத்தலெல்லாம் செங்கல் நிறம். பக்கத்து வீட்டுக்காரி, புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற மல்லன் மாதிரி ஓர் ஆள், ஒருவரும் பாக்கியில்லை. நான் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். உறவுக்குள்ளேயே மணம் முடிப்பதுதான் காரணம் என்று ஒரு பத்தி, மலையிலிருந்து வழிந்து வரும் பீலித் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று ஒரு பத்தி. புதுப்பெண் உறவுமுறை இல்லை என்று தெரிந்ததும் தண்ணீர்ப் பத்தியைப் பெரிதாக்கினேன்.

பதுளையில் என் மேலதிகாரியும் யாழ்ப்பாணத்தவர்தான். சிரிப்பதை ஒரு நோயாகவே நினைத்தவர். கட்டுரையைப் படித்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, இவையளில ஒருத்தருக்கும் தண்ணி விடாய் இல்லையோ? ஒருத்தரும் மெலியேல்லையோ?"

"இல்லை சேர்."

"அப்ப உம்மட டிஸ்பென்சரியிலயே மூத்திரம் போகச் சொல்லி, சுடச்சுட எடுத்துப் பாரும்."

எடுத்துப் பார்த்தேன். மல்லன் நீலம். புதுப்பெண் நீலம். லண்டன் கப்பல் என்னை விட்டுவிட்டுப் புறப்படுவது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த லயத்தில் உண்மையான சீனி ஒருவரிடம்தான் இருந்தது; கொதித்துப்போய்ப் பெரியம்மாவைக் கூப்பிட்டனுப்பினேன்.

"ஆமாங்க டாக்டரய்யா, நாந்தாங்க குடுத்தேன்" என்றார், கொஞ்சமும் பயமில்லாமல். "விடியக்காலையில போத்தலோட வந்து நிப்பாங்க. அவங்களுக்கும் ஒக்காந்து செய்யிற வேல கெடைக்கட்டுமேன்னு குடுத்தேங்க."

"உந்த மூத்திரத்தையும் ஆரும் பங்கு குடுப்பினமோ அம்மா?"

"எல்லாத்துக்கும் பங்கு குடுத்தா எனக்குச் சீனி கொறையுமுல்லங்களா? கொறஞ்சிருக்கும்னுதான் இப்பல்லாம் ஊசிக்கும் போறதில்லைங்க."

என் கோபம் அந்த இடத்திலேயே அடங்கிவிட்டது. அப்போதுதான் அவர் நிற்கமுடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். காலில் ஒரு புண் ஆறாமல் கறுத்திருந்தது. கட்டுரையும் லண்டனும் எங்கே போயினவோ தெரியாது. அவரை என் காரிலேயே ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஒரு கால்விரல் போனது, உயிர் தப்பியது.

ஞாயிற்றுக்கிழமை லயமே வார்டுக்குத் திரண்டு வந்தது. மல்லன் என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்த் தலையைச் சொறிந்தார்.

"அய்யா, அவங்க எங்களுக்குக் குடுத்தாங்க. எங்க ஒடம்புலதான் சீனி இல்லைன்னு நீங்களே பாத்துட்டீங்களே. அந்த ஒடம்புலேருந்து எதையாவது எடுத்து அவங்களுக்கு வைக்க முடியாதுங்களா?"

அப்படியெல்லாம் முடியாது என்றேன். அவர் நம்பவில்லை, எடுத்து வைக்க எனக்கு மனமில்லை என்று நினைத்துக்கொண்டு போனார். என் பட்டியலில் உள்ள கட்டுரைகள் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறகு எழுதியவை.