கோவை முகவரியால் கைவிட்டுப் போன ஒப்பந்தம்

உடுமலைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் தையல் கூடம் நடத்துகிறேன். பன்னிரண்டு பெண்கள் படுக்கை விரிப்பு தைக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளுக்கு விரிப்பு தைக்க, பின்தங்கிய ஒன்றியங்களில் இருக்கும் சிறு தொழில்களுக்கு மட்டும் என்று டெண்டர் விட்டார்கள். பட்டியலில் எங்கள் ஒன்றியமும் இருந்தது. கிடைத்திருந்தால் ஒரு வருடத்துக்கு எல்லோருக்கும் வேலை.

ஆனால் தொழில் பதிவுச் சான்றிதழில், தொழில் நடக்கும் இடம் என்று நான் எழுதிக் கொடுத்தது கோவையில் உள்ள என் வீட்டு முகவரியை. கிராமத்துப் பெயரைப் பார்த்தால் வியாபாரிகள் மதிக்கமாட்டார்கள் என்று நினைத்துச் செய்த மடத்தனம். பில்லிலும் அதே முகவரிதான்.

கடைசி நாளன்று தாள்களைப் பார்த்த அதிகாரி, "உங்க தொழில் கோயமுத்தூர்லங்க இருக்குது. இதுல சேராதுங்க" என்றார்.

"மிசின் ஓடறது ஊருலீங்க! வந்து பாருங்க!" என்று கத்தினேன்.

"நீங்க எழுதிக் குடுத்ததத்தானுங்க நான் பாக்க முடியும்."

அவர்மேல் தப்பில்லை. திருத்தவும் நேரமில்லை.

கூடத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மூத்த தையல்காரர் சரசு மிசினை நிறுத்தினார்.

"ஏனுங்கண்ணா, நம்மூரு பேரப் போட உங்களுக்கு அத்தன வெக்கமாங்க?"

அடுத்த மாதமே நான்கு பெண்கள் திருப்பூர் பனியன் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

இப்போது பதிவைத் திருத்திவிட்டேன். டெண்டர் அறிவிப்பு வந்தால் விலை போடுவதற்கு முன்பே இட நிபந்தனையைப் படிக்கிறேன். பில்லில் ஊர்ப் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து முகம் சுளிக்கிற வியாபாரி எனக்கு வேண்டாம்.