மாடத்தில் அக்கா போட்ட சாக்பீஸ் கோடு

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளில் பலர் அக்காவின் பாடகர் குழுவில் பாடியவர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் அக்காவால் வெளியே அனுப்பப்பட்டவர்கள். வெறும் புகழுரை எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பமாட்டேன்.

அக்கா கோம்பையில் பிறந்தார். அப்பா ஏலக்காய் வியாபாரி. காய் பதமாகக் காய்ந்திருக்கிறதா என்று அறிய, ஒரு பிடி அள்ளி அக்காவின் காதருகே குலுக்குவார். "ஈரம் இருக்குப்பா" என்று அக்கா சொன்னால் மூட்டை திரும்பிப் போகும். அப்போது அவருக்கு வயது எட்டு. அம்மா சீக்கிரமே மறைந்துவிட்டதால் என்னை வளர்த்தவர் அக்காதான். அத்தானைக் கல்யாணம் செய்து போடிக்கு வந்தபோது என்னையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

எங்கள் கடைவீதி ஆலயத்தில் பாடகர் குழு கீழே நிற்பதில்லை. பின்பக்கம் உயரத்தில் உள்ள மரமாடத்தில் நின்று பாடும். கீழே இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது வழக்கம். முகம் தெரியாது, குரல் மட்டும் இறங்கி வரும். கடையில் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்கள்கூட மேலே ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நின்றது அதனால்தான். அந்த மாடம் என்றால் அக்காவுக்கு உயிர். இளம் வயதிலேயே குழுத்தலைவி ஆனவர், கடைசிவரை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மழைக்காலத்தில் மாடத்தில் ஏலக்காய் மணக்கும். தேவதூதர்கள் வந்து நிற்பதாகச் சிலர் நம்பினார்கள். குழுவில் கனத்த குரலுக்குச் சொந்தக்காரரான இரும்புக்கடை ஜெபமணி அண்ணன், "தூதருக்கும் பாயாசம் கேக்குதோ என்னமோ" என்பார். எல்லோரும் சிரிப்போம். அக்கா சிரிக்கமாட்டார். அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

ஒருநாள் மாடத்தின் தரையில் அக்கா சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அதற்கு வடக்கே யாரும் நிற்கக்கூடாது. "குரல் சுவத்துல மோதித் திரும்புது" என்றார். அடுத்த வருடம் கோடு ஒரு முழம் உள்ளே வந்தது. அதற்கடுத்த வருடம் இன்னொரு முழம். நிற்க இடம் குறையக் குறைய, ஒவ்வொருவராகத் தனியே அழைத்து, "ஒங்க குரல் முன்ன மாதிரி இல்ல" என்று சொல்லி அனுப்பினார். இருபத்திரண்டு பேர் இருந்த குழு ஒன்பதானது. ஜெபமணி அண்ணன் போனார். அத்தானின் சொந்தத் தங்கை பாக்கியம் மதினிக்கும் அதே வார்த்தைதான்.

"நான் பாடுறது பிடிக்கலைன்னா நேராச் சொல்லுங்க மதினி" என்றார் அக்காவிடம்.

"குரல் போச்சு பாக்கியம். கீழ ஒக்காந்து பாடு."

பாக்கியம் மதினி கீழே உட்கார்ந்தார். மாடத்தின் வடக்கு முனைக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்த பெஞ்சுகளை, "காத்து வரட்டும்" என்று சொல்லி அக்கா முன்பே நகர்த்த வைத்திருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் முதல் மணிக்கு முன்னே அக்கா வந்து அந்த நாற்காலியைத் தூக்கி ஜன்னலோரம் வைப்பார். மதினி வந்து மறுபடி பழைய இடத்துக்கே இழுப்பார். "நாத்தனா சண்டைக்கு ஆராதனையில தனி நேரம் ஒதுக்கிரலாம்" என்று ஜெபமணி அண்ணன் சொன்னது தேனி வரை போனது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் ஒரு கேள்வி ஊர்ந்துகொண்டே இருந்தது: அக்கா பாட்டை நேசிக்கிறாரா, தன் அதிகாரத்தையா?

பிறகு பாரம்பரியத் திட்டம் வந்தது. ஆலயத்தை ஆதியில் இருந்தபடியே சீரமைப்பது, சிமெண்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசுவது என்று கமிட்டி கூடிக்கூடிப் பேசியது. பழைய போட்டோவில் மாடம் இல்லை, பிற்பாடு சேர்த்தது, எனவே இறக்கிவிடலாம் என்றார்கள் சிலர். இன்ஜினியர் மாடத்தைப் பார்க்க மூன்று முறை வந்தார். சாவி அக்காவிடம். முதல் முறை சாவியைக் காணவில்லை. இரண்டாம் முறை அக்காவுக்குக் காய்ச்சல். மூன்றாம் முறை, "மரம் நல்லாத்தான் இருக்கு தம்பி. நீங்க போய்ச் சுவத்தப் பாருங்க" என்றார். எனக்கு இருவர் மீதும் நம்பிக்கை இல்லை. மாடத்து மரத்தை விலைக்கு வாங்க இன்ஜினியர் ஏற்கெனவே ஆள் பார்த்துவிட்டதாகக் கடைவீதியில் பேச்சு. அக்கா எதையோ ஒளிக்கிறார் என்பது என் கணக்கு.

கடைசி நாட்களில் அக்கா தேனியில் மருத்துவமனையில் இருந்தார். தலையணைக்கு அடியில் மாடத்துச் சாவி. ஒரு பிற்பகல் அதை என் கையில் அழுத்தினார்.

"ஏலே, அந்த ஆளு வந்தா நீயும் கூடப் போ. வடக்க மட்டும் மிதிக்காத."

"அங்கன என்னக்கா இருக்கு?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு நாளில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்கத்தின்போது அந்தச் சாவி என் சட்டைப்பையில் கிடந்தது. எல்லோரும் ஜெபிக்க, நான் கண்ணை மூடி, எதை ஒளித்திருப்பார் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் இன்ஜினியரோடு மேலே போனேன். தரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடுகள். பழையவை மங்கியிருந்தன. கடைசிக் கோடு வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்ஜினியர் குனிந்து, வடக்குப் பலகையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். சத்தமே இல்லாமல் பிடி வரை இறங்கியது.

"கரையான் சார். பல வருசமாத் தின்னுருக்கு."

அந்தப் பலகையை ஒட்டிய பின்சுவரின் மரத்தடுப்பைக் கழற்றினோம். உள்ளே அடுக்கடுக்காக ஏலக்காய்ச் சாக்குகள், அப்பாவின் கடை முத்திரையோடு.

வீட்டுக்கு வந்து அத்தானைக் கேட்டேன். அக்கா தலைவியான புதிதில், எதிரொலியால் பாட்டின் வார்த்தை கீழே புரியவில்லை என்று குறை வந்ததாம். அப்பாவிடம் காலிச் சாக்குகளைக் கேட்டு வாங்கித் தடுப்புக்குள் திணிக்க வைத்தவர் அக்காவே. எதிரொலி நின்றது. மழை ஈரத்தைச் சாக்கு குடித்தது. சாக்கைத் தேடிக் கரையான் வந்தது.

"வெளிய சொன்னா மாடத்தையே இறக்கிருவாகன்னு அழுதா மாப்ள. எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா" என்றார் அத்தான்.

ஒரு பிடி காயில் ஈரத்தைக் கேட்ட காது, பலகைக்குள் நடந்ததை எத்தனை ஒத்திகையில் கேட்டதோ. கோட்டை ஒட்டி, கடைசி ஆளாக, எப்போதும் அக்காதான் நின்றார். உங்களைக் காக்கவே அப்படிச் செய்தார் என்று எழுதி முடிக்கத்தான் ஆசை. ஆனால் கமிட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரையும் அனுப்ப வேண்டியிருந்திருக்காது. மாடம் போவதைவிட உங்கள் மனம் உடைவது அவருக்குச் சம்மதமாக இருந்திருக்கிறது. என்னை வளர்த்த கையை வணங்கிக்கொண்டே இதை எழுதுகிறேன்.

அனுப்பப்பட்ட பிறகும் மருத்துவமனைக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்த ஜெபமணி அண்ணனுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. பலகைகளை மாற்றினால் மாடம் நிற்கும் என்று கமிட்டியை இணங்க வைத்தவர் நான் சந்தேகப்பட்ட அதே இன்ஜினியர். அவருக்கு நன்றி சொல்லி, மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

பாக்கியம் மதினியிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். இற்ற பலகைக்கு நேர் கீழே கிடந்த நாற்காலியை நினைத்து நடுங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "அப்போ எங்குரலுக்கு ஒண்ணும் ஆகலயா தம்பி?" என்றார்.

"இல்ல மதினி."

"வாயால சொன்னாப் பத்தாது. அச்சுல போடு."

போட்டுவிட்டேன். மதினி, அண்ணன், மாடத்திலிருந்து இறங்கிப் போன அனைவருக்கும்: உங்கள் குரல் நன்றாகத்தான் இருந்தது. அக்காவுக்கு அது தெரியும். அந்தக் காது ஒருநாளும் தப்பாகக் கேட்டதில்லை.