சொந்த விருப்பத்தின் பேரில்

அந்தப் பாடசாலை அதிபர் மேல் எனக்கு இருந்தது பகை. வயது ஏறினால் ஆறிவிடும் என்றார்கள். எனக்கு ஆறவில்லை, ஆற நான் விடவும் இல்லை.

கண்டி நகரத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப் பாடசாலையில் பதினோராம் தரம் படித்தேன். சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் போகும் மாதத்தில், ஒரு காலை, அதிபர் எங்களில் ஒன்பது பேரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். போய் வரிசையில் நின்ற பிறகுதான் கவனித்தேன், ஒன்பது பேரும் புசல்லாவை பஸ்ஸில் வருகிற தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். தவணைப் பரீட்சையில் எங்களைவிடக் குறைவாக வாங்கிய டவுன் பிள்ளைகள் வகுப்பிலேயே இருந்தார்கள்.

"நீங்க பெயிலாவீங்கன்னு நான் சொல்லல. ஆனா ஆயிட்டீங்கன்னா ஸ்கூல் பாஸ் வீதம் விழுந்துரும். பேசாம பிரைவேட்டா எழுதுங்க. அதே பரீட்சை, அதே பேப்பர்தான்" என்றார். கடிதமும் தயாராக அடித்து வைத்திருந்தார். சொந்த விருப்பத்தின் பேரில் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து விலக்கிக்கொள்கிறோம் என்று பெற்றோர் எழுதுகிற மாதிரி. கீழே கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மறுநாள் அம்மா கொழுந்து பறிக்கப் போகாமல் என்னோடு பஸ் ஏறினார். மலை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். அதிபரின் அறையில் கதிரை இருந்தும் உட்காரவில்லை, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "ரொம்ப நன்றிங்க சேர். புள்ளைக்கு ஒரு வழி சொன்னீங்க" என்று கும்பிட்டார். அந்த ஆள் தலையை ஆட்டி அந்த நன்றியையும் வாங்கி வைத்துக்கொண்டார். எனக்குப் பகை மூண்டது அந்த இடத்தில்தான்.

அதே பரீட்சைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் தனியாக எழுத அடையாள அட்டைக்கு அலைய வேண்டும், கிராம சேவகரைத் தேட வேண்டும், பாடம் சொல்லித்தர ஆள் கிடையாது. ஒன்பது பேரில் மூன்று பேர்தான் எழுதினோம். மற்றவர்கள் கொழும்புக் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் போய்விட்டார்கள். அந்த வருடம் பாடசாலை வாசலில் பெரிய பேனர் தொங்கியது. எழுதிய எல்லோரும் சித்தியாம், ஒருவர்கூடப் பெயில் இல்லையாம். பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்து நான் திட்டிய வார்த்தையை இங்கே எழுத முடியாது.

விழுந்து எழும்பிப் படித்தேன். பேராதனையில் பட்டம் எடுத்து, வலயக் கல்விப் பணிமனையில் உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். என் மேசைக்கு இரண்டு விதமான தாள்கள் வரும். வருடத் தொடக்கத்தில், எந்தத் தரத்தில் எத்தனை பிள்ளைகள், எங்கேயிருந்து வருகிறார்கள் என்கிற கணக்கெடுப்பு. பிறகு பரீட்சைப் பெறுபேறு. இரண்டையும் வேறு வேறு கோப்புகளில் போடுவது வழக்கம். வீதம் போடுவது எழுதியவர்களை வைத்துத்தான். எழுத விடாமல் அனுப்பியவர்களைப் பற்றி எங்கள் பணிமனையில் யாரும் கேட்டதில்லை.

போன வருடம் சிறந்த அதிபருக்கான ஒரு விருதுக்கு அவருடைய பெயர் வந்தது. ஓய்வுக்கு முன்னால் அவருக்குக் கிடைக்கக்கூடிய கடைசி மரியாதை. அவருடைய பாடசாலையின் பெறுபேறுகளைத் தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது என்று சொன்னால் அது பொய். இன்னொருவரிடம் இருந்ததை நானே கேட்டு வாங்கினேன்.

கணக்கெடுப்பையும் பெறுபேற்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். எந்த வருடத்தை எடுத்தாலும் தோட்டத்துப் பிள்ளைகளில் ஒரு கூட்டம் பரீட்சைக்கு முன்னால் காணாமல் போயிருந்தது. ஒரு விளக்கம் வேண்டும், வந்து போங்கள் என்று அவருக்குப் போன் செய்தேன்.

கேக் பெட்டியோடு வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. தாளை நீட்டினேன். படித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"எல்லா ஸ்கூல்லயும் நடக்கிறதுதானே மிஸ். ஏன் என்னைய மட்டும் பிடிக்கிறீங்க?"

"நான் ஒங்க ஸ்கூல்ல படிச்சவ சேர்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடியா. நம்ம புள்ளையா நீங்க. பாருங்க, நம்ம ஸ்கூல் எப்பிடி ஆளாக்கி விட்டிருக்கு."

"புசல்லாவை பஸ்ல வந்தவ. நீங்க கடிதம் வாங்கி அனுப்புன ஒம்பது பேர்ல ஒருத்தி."

அதற்குமேல் அவர் சிரிக்கவில்லை. இந்த வருடம் எத்தனை கடிதம் வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஏழு என்றார். விண்ணப்பம் முடிய நான்கு நாள் இருந்தது.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "அந்த ஏழு பேரையும் ஸ்கூல் பேர்லயே அனுப்புங்க. விருதிலருந்து சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கிறேன்னு இதுல எழுதுங்க. ரெண்டும் நடந்தா என் தாள் என்கிட்டயே இருக்கும். இல்லாட்டி நாளைக்குக் காலையில பணிப்பாளர் மேசைக்குப் போகும்."

"ஆளுங்க ஏன்னு கேப்பாங்களே மிஸ். நான் என்னான்னு சொல்றது?"

"எங்களப் பெத்தவங்ககிட்டயும் தோட்டத்து லயத்துல அக்கம்பக்கத்து வீட்டாளுங்க கேட்டாங்க சேர். அவங்களும் என்னத்தையோ சொல்லிச் சமாளிச்சாங்க."

எழுதினார். ஒரு வசனம் சரியில்லை என்று திருப்பி எழுதச் சொன்னேன். அதையும் எழுதினார். இதற்குக் கடமை என்று பெயர் சூட்ட மாட்டேன். கடமை என்றால் அந்தத் தாள் பேரம் பேசாமல் பணிப்பாளரிடம் போயிருக்க வேண்டும். நான் பழிவாங்கினேன். செய்தபோது நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கேக்கைப் பணிமனையில் எல்லோரும் சாப்பிட்டோம், நானும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

பெறுபேறு வந்தது. ஏழு பேரில் இரண்டு பேர் சித்தி. ஐந்து பேர் தவறிவிட்டார்கள். அவர் பயந்தபடியே, அவருடைய கடைசி வருடத்தில் வீதம் விழுந்தது. அந்த ஐந்து பேருக்காக எனக்கு வருத்தம் உண்டு. அதற்காக நான் செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் பெயிலானதும் அந்தப் பாடசாலையின் பிள்ளைகளாகத்தான். ஐந்து பெயர்களையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, அவர்தான் பெறுபேற்றுத் தாளை என் மேசைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினார்.