மகள் வாங்க இருந்த சோபா

என் வீட்டுக்காரர் பீன்யா தொழிற்பேட்டையில் கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை வழித்து எடுத்துவிடுவார். ஒரு தடவை பைக், ஒரு தடவை நாத்தனார் கல்யாணம். "தனியாவாவது ஏதாவது சேர்த்து வைங்க" என்று நான் கத்தியதுதான் மிச்சம். "அதான் வயசானா கவர்மென்ட்ல முதியோர் பென்ஷன் வருமே!" என்பார். வந்தது. பாலுக்கும் கேஸுக்குமே பத்தவில்லை. இந்த வயதில் அவருக்கு அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி வேலை!

போன வாரம் மகள் அவருக்கு போன் செய்தாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "வேலை மாறிட்டேன்ப்பா. பி.எஃப். பணத்தை எடுத்து சோபா வாங்கப்போறேன்."

"பைத்தியமா உனக்கு? வயசான காலத்துல என்ன பண்ணுவ?" என்று கத்தினார்.

"நீங்க எடுக்கலையா? நீங்களும் அம்மாவும் வந்தா உக்காரத்தானே வாங்கறேன்."

அவர் போனை என்னிடம் நீட்டிவிட்டு யூனிஃபார்ம் சட்டையை மாட்டினார். அவரைத் திட்ட எவ்வளவோ வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு போனைக் காதில் வைத்தேன்.

"சோபா வேண்டாம்டி" என்றேன். "வந்தா பாயிலயே உக்காந்துக்கறோம்."