வெளிச்சத்தைச் சாப்பிடும் உயிர்

வீட்டில் சின்னதாக ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்க ஆசை. அதற்காக இன்று மாலை செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் வண்ணமீன் கடைக்குப் போனேன்.

கடையை நடத்தும் மஞ்சுளா அக்காவிடம், வாங்க நினைத்திருந்த பெரிய விளக்கின் படத்தைப் போனில் காட்டினேன்.

"இவ்ளோ வெளிச்சம் வச்சா பவளம் வெளுத்துப்பூடும் சார். உங்க தொட்டிக்குச் சின்ன லைட்டு போதும். அலை மாதிரி தண்ணி ஓட ஒரு மோட்டார் வாங்குங்க."

"சின்ன லைட்டுல இன்னாக்கா தெரியும்?"

அக்கா என்னை உள்ளறைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு தொட்டியில், கல்மேல் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அழுகிய காளான் என்றே நினைத்தேன். அக்கா டியூப்லைட்டை அணைத்துவிட்டு, உள்ளங்கை அகலமே இருந்த நீல விளக்கைப் போட்டார்.

பழுப்பு முழுவதும் பச்சையாக ஒளிர்ந்தது. ஓரமெல்லாம் ஆரஞ்சு. தண்ணீர் ஓட்டத்தில் அது மெல்ல அசைந்தது.

"இதான் பவளம். செடி இல்ல சார், இதுவும் ஒரு பிராணிதான். உடம்புக்குள்ள பாசி இருக்குது. வெளிச்சத்துல அது சமைக்குது, இது சாப்புடுது."

சுற்றிலும் பாறையாக இருக்கும் நம் ஊரில், ஓர் உயிர் வெளிச்சத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சின்ன விளக்கையும் மோட்டாரையும் உப்பையும் வாங்கிக்கொண்டேன்.

"ஒரு மாசம் வெறும் தண்ணி ஓடிப் பக்குவப்படட்டும், அப்பறம்தான் பவளம். நான் அவசரப்பட்டுதான் மொதல் தொட்டியில எல்லாத்தையும் சாவடிச்சேன்" என்றார் அக்கா.

ஆகவே ஒரு மாதத்துக்கு எங்கள் ஹாலில் உப்புத் தண்ணீர் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். இதை வீட்டம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.